மொரைன் பாறையின் வயது: தேய்மானத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. முதுகலை நிலவியல் ஆய்வேட்டுக்காகக் கங்கோத்ரியிலிருந்து, பனிப்பாறையின் முகப்பான கோமுக் வரை நடந்து போய் வந்தேன். பனிப்பாறை பின்வாங்கியபோது வழியில் போஜ்பாசா பக்கம் விட்டுச்சென்ற மொரைன் (பனிப்பாறை சுமந்துவந்து குவித்த கல்மண்) மேட்டில் பெரிய கிரானைட் பாறைகள் நிற்கின்றன. அவை பனியிலிருந்து வெளிப்பட்ட காலத்தைப் பெரிலியம்-10 மூலம் கண்டுபிடிக்க வேண்டும்.

அடிப்படை புரிகிறது. விண்கதிர்கள் பாறையின் குவார்ட்ஸில் உள்ள ஆக்சிஜனைத் தாக்கி இந்த ஐசோடோப்பை உண்டாக்குகின்றன; பாறை வெளிப்பட்ட நாளிலிருந்து சேர்ந்த அணுக்களை எண்ணினால் வயது கிடைக்கும். கடல்மட்டத்தில் ஒரு கிராமுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 அணுக்கள்தான். மலை உயரத்தில் பல மடங்கு. அரைவாழ்வு 13.9 லட்சம் ஆண்டுகள் என்பதால் சிதைவு எனக்குச் சிக்கல் இல்லை.

தேய்மானம்தான் குழப்புகிறது. ஒரு பாறையின் உச்சியைக் கையால் தடவினேன். குவார்ட்ஸ் நரம்பு மட்டும் விரற்கனம் துருத்திக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த ஃபெல்ஸ்பார் மணலாக உதிர்ந்தது. மேற்பரப்போடு சேர்ந்த அணுக்களும் போய்விடுவதால் வயது உண்மையைவிடக் குறைவாக வரும். அந்த நரம்பின் உயரத்திலிருந்து தேய்மான வேகத்தைக் கணக்கிடலாமா? வேகத்துக்கு வயது வேண்டும், வயதுக்கு வேகம் வேண்டும், அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கிறேன். பாகீரதி ஆற்று மணலில் அளக்கும் வேகம் ஆற்றின் வடிநிலம் முழுவதற்குமான சராசரி. அதை ஒற்றைப் பாறைக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், குளிர்காலப் பனி பாறையை மூடிக் கதிர்களைத் தடுக்கும் மாதங்களுக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள்? ஒரே மேட்டில் எத்தனை பாறைகள் எடுத்தால் உருண்டு திரும்பியவற்றைப் பிரித்தறிய முடியும்? இமயத்தில் மாதிரி எடுத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதம் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.