பாட்டியின் சுருதியும் யாழினியின் கீபோர்டும்

(ரங்கூன் தாம்வேயில் ஒரு குடும்பத்தின் ‘நம்ம வீடு’ வாட்ஸ்அப் குழு)

மீனா: அண்ணா, யாழினிக்குக் கீபோர்டு வாங்கியாச்சு. 61 கட்டை. பியானோவுக்கு 88 என்கிறார்களே, இது போதுமா?

குமார்: ஆரம்பத்துக்குத் தாராளம். பேட்டரியில் ஓடுமா பார். நம்ம ஊர்க் கரண்டை நம்பி எதையும் படிக்க முடியாது.

செல்வம்: பேட்டரி போட்டாச்சு மச்சான். ஒவ்வொரு கட்டையிலும் பெயர் எழுதி ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டேன்.

குமார்: அதை முதலில் பிய்த்துப் போடுங்கள் மாப்பிள்ளை 😄 ஸ்டிக்கர் இருந்தால் கண் அதிலேயே நிற்கும். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்புக்கு இடது பக்கம் ஒட்டினாற்போல இருக்கிற வெள்ளைதான் சி. கடைசிவரை இதே கணக்கு.

யாழினி: மாமா, ஆறு சி இருக்கிறது!

குமார்: சரி. இடமிருந்து மூன்றாவதில் வலது கைக் கட்டைவிரலை வை. பியானோவில் அதுதான் ஒன்றாம் விரல். சி, டி, இ மூன்றும் 1, 2, 3. அப்புறம் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து எஃப்-ஐப் பிடி. அங்கிருந்து ஐந்து விரலும் வரிசையாகப் போனால் மேல் சி. மெதுவாகப் போ.

பாட்டி: குழந்தை வாசிப்பது இங்கே கேட்கிறது. சங்கராபரணம் மாதிரி இருக்கிறதே குமாரு?

குமார்: மாதிரி என்ன அம்மா, அதேதான். 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களில் 29ஆவது. வெள்ளைக்காரன் மேஜர் ஸ்கேல் என்கிறான். முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ் மெட்டுகளுக்குச் சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரம் என்ற பாட்டுகள் செய்தது இதில்தான்.

பாட்டி: அப்போது வெள்ளிக்கிழமை பஜனையில் எனக்கு வாசிக்கட்டும். எனக்கு ஐந்து கட்டை.

யாழினி: ஐந்தாவது கட்டையா மாமா? எங்கிருந்து எண்ணுவது?

குமார்: அது பாடுகிறவர் சுருதிக்குச் சொல்கிற கணக்கு. சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து. நடுவில் வரும் கறுப்பு அரைக் கட்டை. ஆக, பாட்டியின் ச, ஜி-யில் இருக்கிறது. சி எப்போதும் அதே இடம். நம்ம ச பாடுகிறவர் தொண்டைக்குத் தக்கபடி நகரும்.

யாழினி: ஜி-யிலிருந்து வெள்ளையாகவே வாசித்தேன். கடைசிக்கு முந்தினது அபஸ்வரமாக இருக்கிறது.

குமார்: நல்ல காது உனக்கு! கறுப்பையும் சேர்த்து எண்ணு. அடுத்த கட்டைக்குப் போனால் அரை, ஒன்றைத் தாண்டிப் போனால் முழு. மேஜர் என்றால் முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. சி-யில் ஆரம்பித்தால் இரண்டு அரையும் இ-எஃப், பி-சி நடுவில் தானாக விழும், அங்கே கறுப்பு இல்லையே. ஜி-யில் ஆரம்பித்தால் நி-க்கு எஃப் எட்டாது, அதற்கு வலது பக்கக் கறுப்பு, அதாவது எஃப் ஷார்ப் வேண்டும். அது ஒன்றுதான் கறுப்பு.

செல்வம்: மேல்மாடி பர்மாக்காரர் சந்தயா என்று பர்மிய பாணியில் பியானோ வாசிக்கிறாரே, அவர் விரல் இப்படிப் போகவில்லையே?

குமார்: அது வேறு வழி மாப்பிள்ளை. மிண்டோன் மன்னர் காலத்தில் அரண்மனைக்குப் பியானோ வந்தது என்பார்கள். பட்டாலா என்கிற மூங்கில் கட்டை வாத்தியத்தை இரண்டு கோலால் தட்டுகிற பழக்கத்தை அப்படியே அதில் இறக்கிவிட்டார்கள். இரண்டு கையும் மாறி மாறி ஒரே மெட்டைப் பின்னும். கேட்க அவ்வளவு அழகு. இவள் இப்போதைக்கு அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மீனா: கார்டு (chord), பல கட்டையைச் சேர்த்து அழுத்துவது, எப்போது அண்ணா?

குமார்: ச, க, ப சேர்த்து அழுத்தினால் கார்டுதான். ஜி, பி, டி. ஆனால் பஜனைக்கு இடது கையில் ஜி, டி மட்டும் போதும், அதுவே சுருதிப்பெட்டி. க-வையும் விடாமல் பிடித்தால், அம்மா வேறு ராகத்துக்குப் போனதும் கடிக்கும்.

பாட்டி: எனக்குச் சளி. வெள்ளிக்கிழமை நாலரைதான் ஏறும்.

யாழினி: நாலரை என்றால் எஃப் ஷார்ப்! ஐந்து கறுப்பு வருகிறது மாமா 😭

குமார்: அம்மா, அப்படியானால் மோகனத்தில் ஒன்று பாடுங்கள். அதில் ச, ரி, க, ப, த என்று ஐந்து ஸ்வரம்தான். எஃப் ஷார்ப்பை ச-வாக வைத்தால் மோகனத்துக்கு வெள்ளையே வேண்டாம். அந்த ஐந்து கறுப்பும்தான்.

யாழினி: எங்கே தொட்டாலும் நன்றாக இருக்கிறது!!

பாட்டி: மோகனம் சரி. வேகமாக ஓடாதே கண்ணு, நான் மூச்சு வாங்க வேண்டும்.