மறு: டெக்ஸ்சருக்கு 'இழைநயம்' எனக்கு ஒப்பல, 'சீலை'ன்னு சொல்லலாமா

அண்ணாச்சி,

கேம் சொல்லுகளுக்குத் தமிழ் வைக்குத நம்ம பட்டியல்ல டெக்ஸ்சருக்கு நீங்க போட்ட 'இழைநயம்' பாத்தேன். சொல்லு அழகாத்தான் இருக்கு. லத்தீன்ல நெய்யறதுக்கு உள்ள சொல்லுல இருந்துதான் டெக்ஸ்சர் வந்திருக்கு, அதனால இழையைப் பிடிச்சிட்டிய, சரிதான். ஆனா பத்தமடைப் பாயை விரல் வச்சு தடவிட்டு இது சாதாக் கோரை சொரசொரங்குது, இது நூறு பாவுக்கு மேல ஓட்டுன பட்டுப்பாய் துணி கணக்கா இருக்குன்னு சொல்லுதோம்லா, அதுக்குத்தான் இழைநயம் பொருந்தும். கேம்ல டெக்ஸ்சர்னா தொட்டுப் பாக்குற குணம் இல்ல, அது ஒரு படம். 1974ல எட்வின் கேட்மல் ஆய்வேட்டுல செஞ்சு காட்டுனதே வளைஞ்ச பரப்பு மேல படத்தைப் போத்துறதுதான்.

நான் சொல்லுத சொல்லு 'சீலை'. சிரிக்காதிய. ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால நம்ம நெல்லையப்பர் தேரைப் பாத்திருப்பிய, கீழ மரம், மேல கம்பு கட்டி சாரம் எழுப்பி நிக்கும், அதுவரைக்கும் வெறும் கூடு, தேர்ச்சீலையை இழுத்துக் கட்டுன பொறவுதான் அது தேரு. கேம்ல உள்ள ஆளும் வீடும் மரமும் அதே சங்கதிதான், முக்கோணத்தால கட்டுன கூடு, அது மேல சீலை.

சரி, எந்தச் சொல்லா இருந்தா என்ன, நான் ஏன் இதுக்கு மல்லுக்கட்டுதேன்னா, சொல்லு சரியா இருந்தா பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஏன் திணறுதுன்னு விளக்குறது லேசாயிரும். போன வாரம் கடைக்கு ஒரு பையன் மேலப்பாளையத்துல இருந்து வந்தான், கேமுக்கு மோடு (வெளியாளுங்க செஞ்சு விடுத சேர்மானம்) எறக்கிப் போட்டவன், 4 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, சிபியுவைத் தெறந்தா ஃபேன்ல ஒரு விரக்கடை தூசி. "அண்ணே, மோடு ஃபைலு 300 எம்பி தான, கார்டுல 2 ஜிபி இருக்கே, பொறவு எதுக்கு நின்னு நின்னு ஓடுது?"ங்கான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. 'இழைநயத்தோட அளவு கூடிட்டு'ன்னு சொன்னா அவனுக்கு என்ன வெளங்கும்? நான் சொன்னேன், ஏலே, நீ எறக்குனது சுருட்டிக் கட்டுன சீலை, அதைப் பிரிச்சு கார்டுல விரிச்சு வச்சாத்தான் தேருல கட்ட முடியும். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம், அதாவது 4096 புள்ளி அகலம் அதே நீளம், ஒரு புள்ளிக்கு 4 பைட்டு, பெருக்கிப் பாரு, 64 எம்பி. தூரத்துல இருந்து பாக்கதுக்குன்னு அதையே பாதி, காலுன்னு சிறுசாக்கி கூடவே வச்சுக்கும் (மிப்மேப்புங்காங்களே அது, அதுக்கு 'குட்டிச்சீலை'ன்னு வைக்கலாம்), அதுல இன்னும் மூணுல ஒரு பங்கு கூடும், மொத்தம் 85 எம்பி. இப்படி இருவத்திநாலு சீலை விரிச்சா 2 ஜிபி ரொம்பிப் போச்சு. டிஸ்க்குல சுருட்டுன பிஎன்ஜி பட ஃபைலா எத்தனை எம்பி இருந்ததுங்கதுக்கு அங்க சோலியே இல்ல.

அவனுக்கு அப்பவே வெளங்கிட்டு. "அப்ப சின்னச் சீலை போட்டா ஓடுமாண்ணே?"ன்னான், சொல்லிக் குடுக்காமலே அந்தச் சொல்லை எடுத்துக்கிட்டான் பாத்தியளா. ஓடும், அகலத்தையும் நீளத்தையும் பாதியாக்குனா இடம் காலாக் கொறையும். இன்னொரு வழி, கார்டுக்குள்ளயும் மடிச்சபடியே கெடக்குற சீலை, நாலுக்கு நாலு புள்ளிக் கட்டமா சுருக்குறது, கார்டு மடிப்பைப் பிரிக்காமலே படிச்சிரும். அதுல பிசி7ங்கற முறைன்னா புள்ளிக்கு ஒரு பைட்டுதான், 64 எம்பி 16 ஆயிரும். 'மடிப்புச்சீலை'. மோடு செய்யுத பயலுவ பாதிப்பேரு இதைச் செய்யாமலே ஏத்தி விட்டுருதானுவ, அதான் என் எரிச்சல்.

மைன்கிராஃப்ட்டு இன்னும் வேடிக்கை. சும்மா வாரது 16க்கு 16 புள்ளி, ஒரு சீலை 1 கேபி. 512க்கு 512 உள்ள சீலைக் கட்டு (பேக்கு) போட்டா அதே செங்கல்லு 1 எம்பி, ஆயிரம் மடங்கு. ஸ்கிரீன்ல அந்தச் செங்கல்லு தெரியுறது கட்டை விரல் அகலம்.

இன்னொன்னு, 'வேகக் குறைவு'ன்னு ஒரே சொல்லா போட்டிருக்கிய, அதை ரெண்டாப் பிரிங்க. எப்பவும் மெதுவா போனா அது 'இழுவை', கார்டுக்கு வேலை தாங்கல. நல்லா ஓடிக்கிட்டே இருந்து தெரு திரும்பும்போது மட்டும் டக்குன்னு நின்னுட்டு ஓடுனா அது 'திக்கல்'. செகண்டுக்கு 60 ஃபிரேம், அதாவது ஸ்கிரீனை 60 தடவை வரையணும்னா ஒவ்வொண்ணுக்கும் 16.7 மில்லிசெகண்டுதான் நேரம், கார்டுல இடமில்லாம ரேம்ல கெடக்குற சீலையை மதர்போர்டு வழியா இழுத்துட்டு வரணும்னா அந்த ஒரு ஃபிரேம் 100, 200ன்னு போயிரும். ரேமும் 4 ஜிபின்னா அதுவும் ரொம்பி ஹார்ட்டிஸ்குக்குப் போவும், அப்புறம் கேக்கவே வேண்டாம். சராசரி 50 காட்டும், ஆனா வெளாட முடியாது. தனிக் கார்டே இல்லாத பெட்டின்னா ரேம்லயே ஒரு மூலையைத்தான் கார்டு கடன் வாங்கும், அங்க ரெண்டு ரேம் குச்சி போட்டா இழுவை நல்லாவே கொறையும், ஏன்னா பாதை ரெண்டாவுது.

> சீலைன்னா பிள்ளைங்க சேலைன்னு நெனச்சு சிரிக்கும் தம்பி. அதுபோக நார்மல் மேப் எல்லாம் படமே இல்ல, மேடு பள்ளக் கணக்கு, அதையும் டெக்ஸ்சர்னுதான் சொல்லுதாங்க. அதுக்கு என்ன பண்ணுவ?

அக்கா, ரெண்டாவது கேள்வி நல்ல கேள்வி. 'போர்வைப்படம்'னு ஒருத்தர் சொன்னாரே, அது அங்கதான் மாட்டிக்கிடும், 'படம்'னுட்டா மேடு பள்ளத்தை எங்கன வைக்க. சீலைக்கு அந்தத் தொல்லை இல்ல, நிறச்சீலை, மேட்டுச்சீலை, சொரசொரப்புச்சீலை, எல்லாம் ஒரே கூட்டு மேலதான் கட்டுது. ஒரு செவுத்துக்கே மூணு சீலைன்னா மேல சொன்ன கணக்கை மூணால பெருக்கிக்கிடுங்க.

சிரிக்கிறதுக்கு, சிரிக்கட்டுமே. சித்த வைத்தியத்துல சட்டி வாயைத் துணியும் மண்ணும் வச்சு மூடுறதுக்கு 'சீலைமண்'ங்காங்க, பாளையங்கோட்டை சித்தா காலேஜுல படிக்கிற பிள்ளைங்க யாரும் அதைக் கேட்டு சிரிக்கல. 'படம்'ங்க சொல்லே பழைய தமிழ்ல துணிதான்.

> அப்ப சீலை சரியா ஏறாம ஊதாவும் கருப்புமா கட்டம் கட்டமா தெரியுமே, அதுக்கு?

சீலைப்பேன்.

(அண்ணாச்சி, இதைப் பட்டியல்ல ஏத்திராதிய. மத்த அஞ்சையும், சீலை, குட்டிச்சீலை, மடிப்புச்சீலை, இழுவை, திக்கல், ஞாயித்துக்கெழமைக்குள்ள யாருக்கும் ஆட்சேபனை இல்லன்னா போட்டுருங்க. மோடுக்கு 'ஒட்டு'ன்னு நெனச்சேன், ஒட்டுமாங்கன்னு மாதிரி, ஆனா பேட்சுக்கு (பிழை திருத்த விடுத ஃபைலு) ஏற்கனவே ஒட்டுன்னு வச்சிருக்கோம். அது தனி மெயில்ல.)