மாரியில் சைக்கிள் எடுக்க மனம் வரவில்லை, வழி சொல்லுங்கள்

முரசு:
அவசரமாகக் கேட்கிறேன். மாரி தொடங்கியதில் இருந்து சைக்கிளை எடுக்கவே மனம் வரவில்லை. வேலைக்குப் போயே ஆக வேண்டும். மழைக்கோட்டு இருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குளக்கட்டு:
எங்கேயிருந்து எங்கே போகிறீர்கள் தம்பி? தார் றோட்டா, கிறவலா? எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள்?

செயின்கவர்:
எங்கே போனாலும் முதலில் செயினைப் பாருங்கள். மழைக்குள் ஓடினால் எண்ணெய் கழுவுப்பட்டு, மிதிக்க மிதிக்கக் கறகறவென்று இறுகும். அந்தப் பாரத்தைத்தான் ஆட்கள் அலுப்பு என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பழந்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எஞ்சின் ஒயில் விடுங்கள். கிறீஸ் பூச வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்திருக்கும்.

பழைய மிதிகாரன்:
இதெல்லாம் ஒரு பிரச்சினையா? போர் நேரம் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் பெற்றோல் இல்லாமல் வன்னியே சைக்கிளில்தான் ஓடியது. நெல்மூட்டை, விறகு, நோயாளி, எல்லாம் கரியரில். றேடியோ கேட்கவும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றினோம். யாரும் மனம் வரவில்லை என்று வீட்டில் இருக்கவில்லை. மனதைத் திடப்படுத்துங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

விசுவமடு அக்கா:
அண்ணை, அப்படி ஒரு கரியரில் நானும் இருந்து வந்திருக்கிறேன். வேறு வழி இல்லாததால் மிதித்தார்கள். அம்மா இரவில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி அழுவா. அதைக் காட்டி இந்தப் பிள்ளையை ஏச வேண்டாம்.

பழைய மிதிகாரன்:
நான் ஏசவில்லை தங்கச்சி. நாங்கள் பட்டதை நாங்களே சொல்லாமல் விட்டால் இவர்களுக்கு யார் சொல்வது? 2022 இல் பெற்றோல் வரிசை வந்தபோதும் மூலையில் கிடந்த சைக்கிள்தானே கைகொடுத்தது.

மாங்குளத்தான்:
சொல்லுங்கள் அண்ணை, அதற்கென்று தனி இழை தொடங்கினால் நானும் எழுதுவேன். கேட்டவரைக் காணவில்லையே?

முரசு:
இப்போதுதான் வேலை முடிந்தது. முரசுமோட்டையில் இருந்து கிளிநொச்சி டவுன். தார் றோட்டுத்தான். காலையில் பரவாயில்லை, பின்னேரம் வீடு வந்து சேருவதற்குள் உயிர் போகிறது. அதை நினைத்தாலே காலையில் எழும்பப் பஞ்சியாக இருக்கிறது.

குளக்கட்டு:
சரி, இப்போது விளங்குகிறது. உங்களுக்குப் பஞ்சி இல்லை, அது வாடைக்காற்று. காலையில் மேற்கே பரந்தன் சந்திக்கு வந்து தெற்கே திரும்புகிறீர்கள், வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளும். பின்னேரம் முதலில் வடக்கே, பிறகு கிழக்கே. வழி முழுக்க முகத்தில் அடிக்கும். மழைக்கோட்டைத் திறந்தபடி விட்டால் வள்ளத்துப் பாய் போல விரிந்து பின்னுக்கு இழுக்கும். பொத்தானைப் போட்டு, இடுப்பில் ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பரந்தனில் இறங்கி ஒரு பிளேன்ரீ குடியுங்கள். அதுவரை ஒரு பயணம், அங்கிருந்து வேறொரு பயணம் என்று வைத்தால் கால் ஒத்துழைக்கும். சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பெயர்ந்தால் பின்னேரக் காற்று உங்களை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

மாங்குளத்தான்:
நனைந்த றிம்மில் பிறேக் உடனே பிடிக்காது. ஏ9 பெருந்தெருவில் பஸ்கள் வருகிற வேகம் தெரியும்தானே. சந்திக்கு நல்ல தூரம் முன்னரே மெதுவாக அழுத்தி, றிம்மில் இருக்கிற தண்ணீரை வழித்துவிடுங்கள். இடி மின்னல் என்றால் மரத்தடியில் ஒதுங்காமல் ஏதாவது கட்டடத்துக்குள் போங்கள்.

விசுவமடு அக்கா:
வேலையிடத்தில் ஒரு சோடி உடுப்பு வையுங்கள். ஈரத்தோடு நாள் முழுக்க இருந்தால் அடுத்த நாள் யாருக்குத்தான் மனம் வரும்? காலில் புண் இருந்தால் வெள்ளத்துக்குள் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் அன்று சைக்கிளே வேண்டாம். கனகராயன் ஆற்றுத் தண்ணீர் உங்கள் பக்கத்தால்தான் சுண்டிக்குளத்துக்குப் போகிறது. 2018 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். அன்று லீவு கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

முரசு:
இன்றைக்கு மழைக்கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். நல்ல வித்தியாசம். செயினும் துடைத்து எண்ணெய் விட்டாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

செயின்கவர்:
என்ன எண்ணெய் விட்டீர்கள்?