போனை அணைப்பதா, கூடாதா? (களப்பணியும் உடல்நலமும்)

நெருஞ்சி:
"வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்து வைக்கத் தெரியாதவர் களப்பணிக்கு வரவே கூடாது" என்று பக்கத்துத் திரியில் கோடைமழை எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நள்ளிரவில் ஒருவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவர் கையில் பேனாவால் எழுதி வைத்திருப்பது ஒரே எண், உதவிக் குழுவில் இருக்கும் நம்மில் ஒருவருடையது. அது அணைந்து கிடந்தால் வழக்கறிஞருக்கு யார் தகவல் சொல்வது? ஓய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனை அணைக்காதீர்கள் என்கிறேன்.

கோடைமழை:
பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் போடுவது உங்கள் பழைய பழக்கம், தோழர். அடுத்த வரியே "எண்ணை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு" என்றுதான் இருக்கிறது. ஒருவருடைய சொந்த எண்ணைத் துண்டறிக்கையில் அச்சடிப்பதே முதல் தப்பு. குழுவுக்கென்று தனி சிம் வாங்குங்கள். அன்றைக்கு முறை யாருக்கோ அவருக்கு அழைப்பைத் திருப்பிவிடுங்கள். ஒரு முறைக்கு, அதாவது ஷிப்டுக்கு, 12 மணி நேரம். முடிகிறபோது அடுத்தவருக்கு எழுதித் தர வேண்டியது இவ்வளவுதான்: யார் அழைத்தார், என்ன கேட்டார், நாம் என்ன வாக்குக் கொடுத்தோம், எத்தனை மணிக்குள். நாலு பேர் இருந்தால் போதும்.

நெருஞ்சி:
நாலு பேர் போதுமா? கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம், அதாவது 14 முறை. எடுக்க வேண்டியவர் எடுக்காவிட்டால் மாற்றாள் வேண்டும், ஆக 28. நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 7 முறை, 84 மணி நேரம். பிழைப்புக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டு அதற்குமேல் 84! ஏழு பேர் இருந்தால்தான் தலைக்கு 4 முறை. சிறு குழுவில் ஏழு பேருக்கு எங்கே போவது? ஆகவே போனை அணைக்காதீர்கள்.

ஆற்றுமணல்:
எதைத் தடுக்கப் பார்க்கிறோம் என்று முதலில் பேசலாமே. உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் பர்ன்அவுட் (ஓயாத வேலையால் ஆள் சோர்ந்து வற்றிப்போவது) பற்றி எழுதியதே, நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவ மையத்தில் உழைத்தவர்களைப் பார்த்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 இதை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலையாக வைத்து மூன்று அடையாளம் சொல்கிறது. சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசப்பது, திறன் குறைவது. குழுக்கள் தவறவிடுவது இரண்டாவதை. உதவி கேட்டு வருகிறவர்மீதே சலிப்பாகப் பேச ஆரம்பித்துவிட்டால், ஒரு நாள் விடுப்பு அதற்குப் பற்றாது.

கோடைமழை:
அது இருக்கட்டும். நெருஞ்சியின் 84 தப்பு. மாற்றாள் தூங்கலாம், முதல் ஆள் எடுக்காதபோதுதான் அவருக்கு மணி அடிக்கும். விழித்திருக்க வேண்டியது 14 முறை. நாலு பேருக்கு மூன்றரை, 42 மணி நேரம். இன்னொன்று: 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 2000இல் வில்லியம்சன், ஃபேயர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நிலையில் அழைப்பை எடுப்பவர் காவல் நிலையத்தின் பெயரை மாற்றி எழுதி, வழக்கறிஞரை வேறு இடத்துக்கு அனுப்பிவைப்பார். அப்புறம் போன் உயிரோடு இருந்து யாருக்கு லாபம்?

நெருஞ்சி:
எப்போது மணி அடிக்குமோ என்று படுப்பது தூக்கமா? மாற்றாளின் மணி நேரமும் உழைப்புதான். 84 தான். நன்கொடைக் கணக்குத் திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது என்றேன், கடைசிவரை பதில் இல்லை.

பிச்சிப்பூ:
நெருஞ்சி அண்ணா, மணிக்குக் காத்துப் படுப்பது தூக்கமில்லை என்றால், போனையே அணைக்காத ஒற்றை ஆள் வாரம் முழுக்கத் தூங்கவில்லை என்றுதானே ஆகிறது? போனிலேயே வழி இருக்கிறது. 'தொந்தரவு வேண்டாம்' போட்டுவிட்டு, மாற்றாளின் எண்ணுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். ஒரே எண்ணிலிருந்து சில நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் மட்டும் மணி அடிக்கும்படியும் வைக்கலாம்.

நெருஞ்சி:
நேற்றுச் சேர்ந்தவர்கள் பாடம் எடுக்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவர் ஒரு தடவை அழைப்பார், எடுக்கவில்லை என்றால் வேறு யாரையாவது தேடுவார். உங்களுக்காக அவர் இரண்டாவது தடவை அழைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

பிச்சிப்பூ:
நேற்றுச் சேர்ந்தால் கணக்குத் தெரியாதா? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

கோடைமழை:
நன்கொடை விஷயத்தை அந்தத் திரியில் பேசுங்கள். முறை வைத்தும் குழுக்கள் தோற்பது ஆள் பற்றாததால் இல்லை. பழைய எண்ணுக்கே அழைப்பு வந்துகொண்டிருக்கும், அவரும் "இந்த ஒரு தடவை மட்டும்" என்று எடுப்பார். எடுத்தால் முறை செத்தது. பழைய எண்ணில் குழு எண்ணைச் சொல்லும் தானியங்கிச் செய்தி மட்டும் இருக்கட்டும். அதற்குத்தான் அணைக்கச் சொல்கிறேன்.

நெருஞ்சி:
எடுத்தால் முறை செத்தது, எடுக்காவிட்டால் ஆள் உள்ளே. எது பெரிசு? ஏழு பேரின் பட்டியலைப் போடுங்கள், பிறகு அணைக்கலாம்.

கோடைமழை:
நாலு. 42 மணி நேரம்.

நெருஞ்சி:
84.