பேஸ்மேக்கர் நோயாளரின் பழைய விபரம் தேவை

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று கிளினிக்குகளில் வேலை செய்யும் தாதியர், டொக்டர்மாரிடம் ஓர் உதவி. பேஸ்மேக்கர், ஐசிடி (ஆபத்தான இதயத் துடிப்பை மின் அதிர்வால் சீராக்கும் கருவி) வைத்தவர்களுக்குக் கிருமித்தொற்று வரும் அபாயத்தை பாடிட் (PADIT) என்ற புள்ளிமுறையில் கணக்கிடுகிறோம். வயது 60க்குக் குறைவென்றால் 2, நோயெதிர்ப்புச் சக்தி குன்றியிருந்தால் 3, பழைய கருவியைத் திருத்தினாலோ தரம் உயர்த்தினாலோ 5. மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். இளையவருக்குத்தான் புள்ளி கூட. எழுத்துப்பிழை என்று மாற்றிவிடாதீர்கள்.

முந்தைய சத்திரசிகிச்சைகளின் எண்ணிக்கைக்கும் இதில் புள்ளி உண்டு. சிக்கல் அந்த விபரத்தில்தான். கிளினிக் கொப்பியில் 'பற்றரி மாற்றியது' என்று மட்டும் இருக்கும். எத்தனையாவது தடவை, வயரையும் தொட்டார்களா என்று இராது. கருவி அட்டையில் உள்ள திகதிகள், கிரியேட்டினின் (சிறுநீரக இரத்தப் பரிசோதனை) அளவு, வாபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுத்தாரா என்பவற்றை, பெயரை நீக்கி, உங்கள் ஆஸ்பத்திரி அனுமதியோடு தாருங்கள்.

கருவி வைத்த இடம் வீங்கி யாராவது வந்தால் தயவுசெய்து ஊசி குத்தி உறிஞ்ச வேண்டாம். கிருமி உள்ளே போக அதுவே வழி. இருதய பிரிவுக்கு உடனே அனுப்புங்கள்.