ரோமானியக் காசுகளை அடையாளம் காண எந்த நூல், எந்தத் தளம்?

செப்புச்சில்லி (காத்ர் போர்ன்)

வணக்கம். ஐரோப்பாவிலிருந்து ஒரே பொட்டலமாக வந்த 43 ரோமானியக் காசுகள் கையில் உள்ளன. ஆறு வெள்ளி டினேரியஸ், மற்றதெல்லாம் 15 முதல் 20 மி.மீ. வரையுள்ள தேய்ந்த வெண்கலம். எங்கே கேட்டாலும் "ஆர்.ஐ.சி. பார்" என்கிறார்கள். ரோமானியப் பேரரசுக் காசுகளின் பட்டியல் நூலான அதுவோ பத்துத் தொகுதி. மொரீஷியசுக்கு வரவழைத்தால் தபால் கூலியே புத்தக விலையை எட்டிவிடும். ஒன்றிரண்டு மட்டும் வாங்கினால் எவை? இணையமே போதுமா? ஒரே காசுக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்களே, அது ஏன்?

பூவாதலையா

பத்தும் வேண்டாம். உங்கள் பொட்டலத்துக்கு வேறொரு நூல் போதும், அதையும் இப்போது வாங்காதீர்கள்.

முதலில் ஓக்ரே. அமெரிக்க நாணயவியல் சங்கமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் இலவசத் தளம். ஆர்.ஐ.சி.யின் வகைகளையே தேடும்படி அதில் அடுக்கியிருக்கிறார்கள். பல வகைகளுக்கு அருங்காட்சியகக் காசுகளின் படமும் உண்டு. பேரரசர், உலோகம், அக்கசாலை (காசடித்த இடம்), வாசகத்தில் தெரிகிற எழுத்துகள் என்று வடிகட்டிக்கொண்டே போகலாம். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: வாசகத்தில் 'யு' ஒலி வருமிடமெல்லாம் 'வி' எழுத்தைத் தட்ட வேண்டும். காசில் இருப்பது அதுதான். 'யு' தட்டினால் ஒன்றும் வராது.

குடியரசுக் காலக் காசென்றால் அதே சங்கத்தின் இன்னொரு தளம் இருக்கிறது. 1974-இல் வந்த கிராஃபர்டின் பட்டியலை ஒட்டியது. வாசகம் கிரேக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அது மாகாணக் காசு. ஆர்.ஐ.சி.யில் தேடி நேரத்தை வீணாக்காமல் மாகாணக் காசுகளுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நடக்கும் ஆர்.பி.சி. தளத்துக்குப் போங்கள்.

எண் குழப்பத்துக்குக் காரணம் பதிப்பு. ஆர்.ஐ.சி.யின் முதல் தொகுதி 1923-இல் வந்தது, திருத்திய பதிப்பு 1984-இல். திபேரியஸின் 'பொன்டிஃப் மாக்சிம்' என்ற வாசகமுள்ள டினேரியஸ் பழைய பதிப்பில் 3, புதியதில் 30. வெஸ்பாசியன் முதல் டொமிஷியன் வரையான பேரரசர்களின் பகுதி 2007-இலும், ஹேட்ரியனின் பகுதி 2019-இலும் புதுப்பிக்கப்பட்டன. ஆகவே பழைய ஏல அட்டவணையில் பார்த்த ஹேட்ரியன் எண்ணை ஓக்ரேயில் போட்டால் வேறு காசு வந்து நிற்கும். பதிப்பைச் சொல்லாத எண்ணை நம்பாதீர்கள்.

இன்னொரு வலை: ஆறாம் தொகுதியிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு அக்கசாலைக்கும் எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். "ஆர்.ஐ.சி. 7, எண் 48" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. தொகுதி, அக்கசாலை, எண் மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு குறிப்பு.

வாங்குவதாக இருந்தால்: 15–20 மி.மீ. வெண்கலங்கள் பெரும்பாலும் நான்காம் நூற்றாண்டாக இருக்கும். அதற்கு எல்.ஆர்.பி.சி. என்று சுருக்கிச் சொல்லும் பிற்கால ரோமானிய வெண்கலக் காசுப் பட்டியல், 1960. கி.பி. 324 முதல் 498 வரை ஒரே மெல்லிய நூலில் அடங்கிவிடும், தபாலுக்கும் கனமில்லை. படம் குறைவு, எல்லாம் அட்டவணை. முதல் வாரம் எரிச்சலூட்டும், பழகிவிட்டால் அதைவிட வேகமான கருவி கிடையாது. சியர் எழுதிய காசு விலை வழிகாட்டியின் ஐந்து தொகுதிகள் படிக்கச் சுகம். ஆனால் அதிலுள்ள விலைகளைக் கண்டுகொள்ள வேண்டாம், பழையவை.

லோரே_ராதியே (ரோஸ் ஹில்)

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த நமக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: கோஹன் பிரெஞ்சில் எழுதிய ரோமானியக் காசுப் பட்டியல். 1880 முதல் 1892 வரை வெளிவந்த எட்டுத் தொகுதி, இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். பழைய நூல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு பேரரசரின் கீழும் பின்பக்க வாசகத்தை அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார். தலைப்பக்கம் தேய்ந்து பூப்பக்கத்தில் நாலைந்து எழுத்து மட்டும் மிஞ்சிய டினேரியஸுக்கு இந்த அடுக்கு கைகொடுக்கும். அங்கே வகையைப் பிடித்துவிட்டு, எண்ணை மட்டும் ஓக்ரேயில் எடுங்கள்.

பிரெஞ்சு விற்பனையாளர்களின் பழைய அட்டவணைகளும் அதே சொற்களில்தான் இருக்கும்: லோரே என்றால் வாகை மாலை சூடிய தலை, ராதியே என்றால் கதிர்முடி, தியாதெமே என்றால் மணிப்பட்டம். 'அ துருவாத்' காசைப் பார்ப்பவரின் வலப்பக்கம், பேரரசரின் வலப்பக்கம் அல்ல.

நான்காம் நூற்றாண்டு வெண்கலத்துக்குக் கோஹன் உதவ மாட்டார். அக்கசாலைக் குறிகளை அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

வைல்ட்விண்ட்ஸ் போன்ற படத் தளங்களைப் படத்துக்காகப் பாருங்கள், அங்குள்ள விவரத்தை அப்படியே எடுத்தெழுத வேண்டாம். பலர் அனுப்பியதைத் தொகுத்தது, தவறும் சேர்ந்தே வந்திருக்கிறது.

செப்புச்சில்லி (காத்ர் போர்ன்)

நன்றி. ஒரு காசை வைத்துக் கேட்கிறேன். 15 மி.மீ., 1.6 கிராம். பூப்பக்கத்தில் இரண்டு வீரர்கள், நடுவே ஒரு கொடிக்கம்பம். கீழே "சி ஓ என் எஸ்" தெரிகிறது, பிறகு எதுவோ ஓர் எழுத்து. தலைப்பக்கம் "கான்ஸ்டன்" வரை படிக்க முடிகிறது. கான்ஸ்டான்டிநோபிளில் அடித்த கான்ஸ்டன்டைன் காசு என்று எழுதிவைக்கலாமா?

பூவாதலையா

வேண்டாம், இரண்டுமே தவறாகப் போக வாய்ப்பு நிறைய.

அக்கசாலையிலிருந்து தொடங்குங்கள். பிரான்சின் தெற்கிலுள்ள ஆர்ல் நகரத்துக்கு அப்போது கான்ஸ்டன்டீனா என்று பெயர் மாற்றியிருந்தார்கள். அதனால் ஆர்ல் காசுகளிலும் "கான்ஸ்ட்" என்றே இருக்கும். பிரித்தறிய வழி, அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை என்று காட்டும் எழுத்து. ஆர்லில் அது முன்னால் வரும்: பி, எஸ், டி, க்யூ, அதாவது முதலாவது, இரண்டாவது என்பதன் லத்தீன் முதலெழுத்து. கான்ஸ்டான்டிநோபிளில் பின்னால் வரும், அதுவும் கிரேக்க எழுத்தாக: ஆல்ஃபா, பீட்டா, காமா. ஆகவே 'சி'க்கு முன்னால் ஏதாவது கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கடைசி எழுத்து 'டி' என்றால் ஆர்ல். பக்கவாட்டில் விளக்கை வைத்து, காசை மெல்லச் சுழற்றிக்கொண்டே 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும்.

அடுத்து காலம். இரண்டு வீரர்களைக் காட்டும் இந்த 'குளோரியா எக்செர்சிடஸ்' (படையின் புகழ்) வகையில் 330 முதல் 335 வரை கொடி இரண்டு, காசும் சற்றுப் பெரியது, எடை ஏறத்தாழ 2.5 கிராம். 335-இல் எடையைக் குறைத்தபோது கொடி ஒன்றாகிவிட்டது. உங்களுடையது 335-க்குப் பிந்தியது.

ஆள் யார் என்பதுதான் சிக்கல். "கான்ஸ்டன்" என்று தொடங்குபவர்கள் நால்வர்: தந்தை கான்ஸ்டன்டைன், மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். வாசகத்தின் முடிவைத் தேடுங்கள். "நோப் சி" என்றால் இளவரசர், 337 செப்டம்பருக்கு முன், ஏழாம் தொகுதி. மகன்களில் ஒருவருக்கு "ஆக்" (அகஸ்டஸ், அதாவது பேரரசர்) என்று முடிந்தால் அதற்குப் பின், எட்டாம் தொகுதி. "மாக்ஸ் ஆக்" என்றால் தந்தை. முடிவு அழிந்திருந்தால் எழுத்தின் அகலத்தை அளந்து, மிச்சமிருக்கும் வளைவில் இன்னும் எத்தனை எழுத்து கொள்ளும் என்று கணக்கிடுங்கள். கான்ஸ்டன்ஸ் என்றால் "என்"னுக்குப் பிறகு ஒரே ஓர் எழுத்தில் பெயர் முடிந்துவிடும். முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நால்வருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான்.

கொடித்துணியையும் பார்க்க மறக்க வேண்டாம். ஆர்லில் சில வெளியீடுகளில் அதில் கிறிஸ்துவைக் குறிக்கும் கை-ரோ முத்திரை இருக்கும். அது இருந்தால் எண்ணே வேறு.

இவ்வளவு பார்த்தும் தெரியாவிட்டால் "கான்ஸ்டன்டைன் குடும்பம், ஆர்ல், 335-க்குப் பின்" என்று எழுதி நிறுத்துங்கள். எண்ணை ஊகித்து எழுதுவதைவிட அது மேல்.

ஈரப்பதம் (கியூர்பிப்)

மேலே விட்டுப்போனவை சில.

அளவுகோலும் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசும் புத்தகத்துக்கு முன் வாங்க வேண்டியவை. வீட்டு வழக்கப்படி புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எலுமிச்சையும் கூடாது. அமிலம் பச்சைப் படலத்தை அரித்துவிடும். தேய்ந்த காசில் எழுத்தின் வடிவம் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். வாலை வடிநீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் எடுங்கள்.

கரூர், மதுரை ஆற்றுப்படுகைகளில் கிடைக்கும் சிறு செம்புக் காசுகளை ஆர்.ஐ.சி.யில் வைத்துத் தேடுவோருக்கு: பிற்கால ரோமானியக் காசைப் பார்த்துத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அடித்த போலிகை வகைகள் அவற்றில் கலந்திருக்கும். வாசகம் வெறும் கோடுகளாக இருந்தால் அதற்கு ஆர்.ஐ.சி. எண் கிடையாது. ஊருக்குப் போகும்போது அங்கே வாங்கிக் கொண்டுவரலாம் என்றும் நினைக்காதீர்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

எல்.ஆர்.பி.சி. வந்து சேர்ந்தால் அதைக் காசு வைத்திருக்கும் பெட்டியிலேயே, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். காத்ர் போர்னில் எப்படியோ, இங்கே ஒரு மழைக்காலம் போதும் தாளில் பூஞ்சை ஏற. வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அந்தக் காசை உடனே தனியே எடுத்துவிட வேண்டும்.

செப்புச்சில்லி (காத்ர் போர்ன்)

'சி'க்கு முன்னால் வளைவோடு ஓர் எழுத்து இருக்கிறது, 'பி'யோ 'எஸ்'ஸோ. கடைசி எழுத்து 'டி'தான். கொடியில் ஒன்றும் தெரியவில்லை. தலைப்பக்க வாசகம் "ஆக்" என்று முடிகிறது, அதற்கு முன் "எஃப்" போலத் தெரிகிறது.

பூவாதலையா

"பி எஃப் ஆக்". அப்படியானால் ஆர்ல், 337 செப்டம்பருக்குப் பின், எட்டாம் தொகுதி. இனி ஓக்ரேயில் ஆர்லையும் 'குளோரியா எக்செர்சிடஸ்' வாசகத்தையும் வைத்து வடிகட்டி, பெயரின் நீளத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.