14 ஹேண்ட்பேக், ஒரு அலுமாரித் தட்டு, 5000 ரூபாய்: வழி சொல்லுங்கள்

ரயில்பாதைக்காரி எழுதியது:

நாங்கள் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அவ்வளவு கிட்ட. வீட்டில் இருப்பது இரண்டு கதவு இரும்பு அலுமாரி ஒன்றுதான். ஒரு பக்கம் அவருடையது. மற்றப் பக்கம் என்னுடையது என்று பெயர், ஆனால் மேல்தட்டு முழுக்க மாமியின் சீலைகள். எனக்கு மிஞ்சியது ஒரு தட்டும், அதற்குக் கீழே ஹாங்கர் கொழுவுகிற கம்பியும்.

பை மட்டும் 14. நான் காசு கொடுத்து வாங்கியவை மூன்று. மற்றதெல்லாம் ரொறன்ரோவில் பெரியம்மாவும் லண்டனில் சித்தியும் தந்தவை. வருகிற ஆட்களிடமெல்லாம் ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். "பாவிக்காததை யாருக்காவது குடுங்கோ" என்று தயவுசெய்து எழுத வேண்டாம். வீடியோ கோலில் பெரியம்மா ஹலோ சொல்ல முன்னமே "அந்த நாவல் நிறப் பை எங்கே பிள்ளை, ஒருநாளும் கொழுவிக் காணேல்லையே" என்பார்.

இப்போது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அடியில் இருப்பதை இழுத்தால் மலை சரியும். பிளாஸ்டிக் சொப்பிங் பைகளில் சுற்றித்தான் வைத்திருந்தேன், தூசி படாமல் இருக்கட்டும் என்று. போன கிழமை ஒரு கலியாணத்துக்குக் கறுப்புப் பையை எடுத்தேன். இரண்டு முறைகூடப் பாவிக்காத பை. மண்டபத்தில் போய் இருந்தால் மடியெல்லாம் கறுப்புச் செதில். பட்டுச் சீலை வேறு. இன்னொன்று, உண்மையான தோல் பை, வெள்ளைப் பூஞ்சணம் பூத்துக் கிடக்கிறது.

சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். 5000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தங்கச்சி, இடத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தச் சொப்பிங் பைகளைக் கழற்றுங்கள், இன்றைக்கே.

என் அப்பா முப்பது வருடம் புறக்கோட்டையில் பை, சூட்கேஸ் திருத்தினவர். பள்ளி விட்டு வந்து அவர் பக்கத்தில் இருந்து சிப் மாற்றப் பழகினவள் நான். செதில் உதிர்கிற பையைக் கொண்டு வருகிற ஆட்களிடம் அப்பா காசு வாங்கமாட்டார், "இது செத்த பை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அது தோல் இல்லை. துணிக்கு மேல் பொலியூரிதேன் பூசினது. காற்றில் இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல அந்தப் பூச்சை உடைக்கும். பாவித்தாலும் உடையும், பாவிக்காமல் பூட்டி வைத்தாலும் உடையும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் கெதியாக. பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. கடற்கரையில் இருந்துகொண்டு அப்படிச் செய்தால் கேட்கவே வேண்டாம். கறுப்புப் பையை மறந்துவிடுங்கள். பசை பூசி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சங்கிலியையும் கொக்கியையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், வேறு பைக்கு உதவும்.

தோல் பை பிழைக்கும். பல்கனிக்குக் கொண்டுபோய்க் காய்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுக்குள் துடைத்தால் அந்தத் தூள் பறந்து மற்றப் பைகளில் இருக்கும். பிறகு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, முதலில் அடிப்பக்க மூலையில் தேய்த்துப் பாருங்கள். நிறம் வராவிட்டால் முழுவதும் துடைக்கலாம். நிழலில், காற்றில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

உறைக்குப் பழைய தலையணை உறை போதும். உள்ளே அடைக்கப் பழைய பருத்தித் துணி. பத்திரிகைத் தாள் வேண்டாம், மை வெளிர் நிற உள்துணியில் ஒட்டினால் போகாது. வழுவழுப்பான பிளாஸ்டிக் பைகள் இரண்டை முட்டவும் வைக்காதீர்கள், ஒன்றின் நிறம் மற்றதில் இறங்கும்.

மூன்றாம் மாடி எழுதியது:

என் மனைவி பழ அட்டைப்பெட்டிகளை அறுத்துத் தட்டுக்குத் தடுப்பு வைத்தார். பார்க்க நல்ல வடிவு. இரண்டு மாதத்தில் கரப்பான் குடும்பமாகக் குடியேறிவிட்டது. இதை மட்டும் சொல்ல வந்தேன்.

ஸ்குரூட்ரைவர் எழுதியது:

ஆணி தேவையில்லை. கம்பியில் குளியலறைத் திரைக்குப் போடுகிற பிளாஸ்டிக் வளையங்களைக் கொழுவுங்கள், ஒரு வளையத்துக்கு ஒரு பை. எஸ் வடிவ இரும்புக் கொக்கிதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உங்கள் பக்கத்து உப்புக்காற்றில் மலிவான கொக்கி சீக்கிரம் துருப்பிடித்து, கைபிடியில் மஞ்சள் கறை வைக்கும். எவர்சில்வர் என்றால் சரி. பாரமான பைகளைத் தொங்கவிட வேண்டாம், கைபிடி இழுபடும். அவற்றைத் தட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

நிமிர்ந்து நிற்க, பீங்கான் அடுக்குகிற ராக்கை வாங்குங்கள், பிளாஸ்டிக் பூசினது. சின்னப் பைகளைக் கோப்பைகள் மாதிரி வரிசையாகச் செருகலாம். பெரியவற்றுக்குப் புத்தகக்கடையில் விற்கிற ஃபைல் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி. 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனால் எல்லாம் ஒரு சுற்றில் முடியும்.

ஈரத்துக்குக் கல்சியம் குளோரைட் டப்பாவைக் கீழ்த்தட்டில் வைக்கலாம். அடியில் தண்ணீர் சேரும். அது சரிந்து தோலில் பட்டால் பை முடிந்தது, ஆகவே பைகளுக்கு மேலே வைக்கவே கூடாது. சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்கள் நிரம்பின பிறகு சும்மா கிடக்கும் மண்தான். அவற்றை வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

ஒன்று விட்டுவிட்டேன். அந்துருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சில பிளாஸ்டிக்கை அது இளக வைக்கும், மணமும் லேசில் போகாது. மணம் வேண்டுமென்றால் கராம்பும் கறுவாப்பட்டையும் ஒரு துணியில் முடிந்து வையுங்கள். அது மணத்துக்கு மட்டும்தான், ஈரத்தை இழுக்காது.

ரயில்பாதைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன்.

புறக்கோட்டைக்குச் சனிக்கிழமை போனது என் பிழை. நசுங்கித்தான் வந்தேன். வளையம் 12, ராக்கை ஒன்று, ஃபைல் பெட்டி மூன்று, டப்பா இரண்டு. பஸ் காசும் ஒரு பலூடாவும் சேர்த்து 4300 ரூபாய். தலையணை உறைக்கு மாமியிடம் கேட்டேன். அவர் தன் பழைய நூல் சீலை ஒன்றைத் தானே கிழித்து, கழுத்தில் நாடா வைத்து ஒன்பது உறை தைத்துத் தந்தார். இவ்வளவு நாளும் மேல்தட்டைப் பற்றி மனதுக்குள் புறுபுறுத்ததற்கு வெட்கமாக இருந்தது. தைத்து முடித்ததும் "இதையும் மேலேயே வை" என்று இரண்டு சீலையைக் கீழே இறக்கி இடமும் விட்டார்.

பாரமான ஐந்து பை தட்டில் நிற்கின்றன. கைபிடி மெல்லிய நான்கு கம்பியில் தொங்குகின்றன. கிளச் மூன்றும் ராக்கையில். ஒஃபிஸ் பைக்கு அலுமாரியில் இடம் இல்லை, கதவுக் கைபிடியில்தான். கறுப்புப் பை குப்பைக்குப் போய்விட்டது. பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தோல் பை தப்பிவிட்டது, உள்ளே மட்டும் வினாகிரி மணம் கொஞ்சம் இருக்கிறது. மழை இல்லாத ஞாயிறுகளில் அலுமாரிக் கதவைக் காலை முழுக்கத் திறந்து ஃபேனைத் திருப்பி விடுகிறேன். இனி ஒக்டோபர் மழைக்கு எப்படி என்று பார்க்க வேண்டும்.

அக்காவிடம் ஒரு கேள்வி: நாவல் நிறப் பையின் சிப் நடுவில் பிரிகிறது. பல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. முழு சிப்பையும் மாற்றத்தான் வேண்டுமா?

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

பல் சரி என்றால் மாற்ற வேண்டாம். ஓடுகிற தலை விரிந்திருக்கும். சின்னக் குறட்டால் அதன் இரண்டு பக்கத்தையும் மெதுவாக அமுக்குங்கள், ஒரே தரத்தில் இறுக்கினால் உடைந்துவிடும். அதற்கும் சரிவராவிட்டால் தலையை மட்டும் மாற்றலாம். படம் ஒன்று போடுங்கள், அளவு சொல்கிறேன்.